குப்பை டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

1

வளைகுடாவில் வந்து இறங்கிய நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது, ஊரில் இருக்கும் ஏழெட்டு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது என் வழக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. யான்புவில் இருந்தபோது செங்கடல் காற்றைப் பற்றி எழுதினேன். சத்வா என்ற பேட்டைக்கு மாறிய பிறகு அங்குள்ள தையற்கடைகளைப் பற்றி. மகள் பிறந்தபின் பெரும்பாலும் அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றி. இந்த ஆண்டு எழுதுவதற்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

தேதி இல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை தேதிகளை எடுத்துவிட்டேன். எந்த எமிரேட், எந்தக் கட்டடம் என்பதையும் சொல்லப்போவதில்லை. செல்வராஜ் என்று நான் எழுதப்போகிறவரின் பெயர் செல்வராஜ் இல்லை. கிழமையையும் மணியையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அவற்றையும் எடுத்துவிட்டால் இது நடந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

2

முதலில் இங்குள்ள ஒரு பழக்கத்தை விளக்க வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்குக் கீழேயும் தெருவோரத்தில் சக்கரம் வைத்த பெரிய குப்பை டிரம் நிற்கும். குப்பையை அதற்குள் போடுவோம். இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும் என்று தோன்றுகிற பொருளை உள்ளே போடமாட்டோம், பக்கத்தில் வைப்போம். வேலை போனவர்கள், விசா முடிந்தவர்கள், பத்து நாளில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள். கட்டில், மேசை விசிறி, தொட்டில், இஸ்திரிப் பலகை. மின்சாதனம் என்றால் வயரை அழகாகச் சுருட்டிக் கட்டி மேலே வைத்திருப்பார்கள், ஓடும் என்று அர்த்தம். வயரை வெட்டியிருந்தால் ஓடாது.

வேண்டியவர் எடுத்துக்கொள்வார். யாரிடமும் கேட்பதில்லை. கேட்பதற்கு அங்கே யாரும் இருப்பதும் இல்லை. இது எங்கும் எழுதிவைக்கப்படாத ஏற்பாடு. மலையாளிக்கும் பாகிஸ்தானிக்கும் பிலிப்பினோவுக்கும் தெரியும். சத்வாவில் நானும் என் மனைவி வசந்தியும் இரண்டு தெரு தள்ளியிருந்த டிரம் பக்கத்திலிருந்து ஒரு புத்தக அலமாரியைத் தூக்கி வந்தோம். என் நாட்குறிப்புகள் இன்றும் அதில்தான் இருக்கின்றன.

3

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு நாற்பது. தண்ணீர் சொட்டுகிற எங்கள் வீட்டு ஏசியைச் செல்வராஜ் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் கம்பெனியின் ஆள். அரியலூர்ப் பக்கம். வந்து பதினோரு ஆண்டுகள். கடந்த இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாளில் எல்லாம் வண்டி ஓட்டப் பழகி, ஐந்து முறை தேர்வில் தோற்று, ஆறாம் முறை கனரக உரிமம் வாங்கியிருந்தார். ஒரு பள்ளிக்கூடப் பேருந்துக் கம்பெனியில் அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். லீவு போய்விட்டு வந்ததும் நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும் கொடுக்க வேண்டும். குழந்தைகளை ஏற்றிப் போகிற வேலை என்பதால் அதில் ஒரு கறையும் இருக்கக் கூடாது.

"என்ன செல்வராஜ், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே ஏணி ஏறுறீங்க?" என்றேன்.

"ரூம்ல உக்கார எடம் இல்ல சார். ஆறு பேரு, மூணு ரெட்டைக் கட்டிலு. கீழ்க் கட்டில்ல நிமிந்து உக்காந்தா மேல் கட்டிலு மண்டையில இடிக்கும். குனிஞ்சே தின்னு, குனிஞ்சே போன் பேசி... கல்யாணப் போட்டோவுல பாத்தா நான் ஒசரமாத்தான் இருக்கேன்."

"அப்ப ஒரு நாற்காலி வாங்கிப் போடக்கூடாதா?"

"வாங்கிட்டா மத்த அஞ்சு பேரும் அதுலதான் உக்காருவானுங்க சார். சும்மா கெடைச்சா யாரு உக்காந்தா என்னன்னு இருக்கும்."

இருவரும் சிரித்தோம். வேலை முடிந்து நான்கு இருபதுக்குக் கட்டடத்துக்குள் நுழையும்போது நான் பார்த்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "கீழ டிரம் பக்கத்துல ஒரு சுழல் நாற்காலி நிக்குது. நல்லாத்தான் இருக்கு. போறப்ப எடுத்துக்குங்க" என்றேன்.

இதை அன்றைய பக்கத்தில் எழுதியும் வைத்தேன். ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கண்ட்ரோலர் வேலை பார்க்கிறவன் நான். எந்தத் தாள் எத்தனை மணிக்கு யார் கைக்குப் போனது என்று எழுதுவதே பிழைப்பு. வீட்டிலும் கை நிற்காது.

4

நாற்காலியை அங்கே வைத்தவர் எங்கள் மாடிக்கு அன்றுதான் குடிவந்த ஓர் இளைஞர். ஐரோப்பாவிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வாசலைச் சாமான் வண்டி அடைத்துக்கொண்டு நின்றதால் நாற்காலியை ஒரு மணி நேரம் ஓரமாக வைத்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் இல்லை. கைபேசியிலேயே போலீசுக்குப் புகார் கொடுத்துவிட்டார். அவர் ஊரில் அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது. கேமராவில் செல்வராஜின் முகமும், சட்டையில் கம்பெனியின் பெயரும் தெளிவாக இருந்தன.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு செல்வராஜைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். யாரும் அதட்டவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார்கள் என்றார். இந்தியில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். எடுத்தாயா? எடுத்தேன். யாரையாவது கேட்டுக்கொண்டு எடுத்தாயா? இல்லை. இரண்டு பதிலும் உண்மை. கையெழுத்துப் போட்டார். நாற்காலியை அன்று மாலையே உரியவரிடம் ஒப்படைத்தார்.

"நான் சொல்லித்தான் எடுத்தீங்கன்னு சொன்னீங்களா?" என்று போனில் கேட்டேன்.

"உங்களை எதுக்கு சார் இழுத்துக்கிட்டு? பாப்பா படிச்சுக்கிட்டு இருக்கு. உங்களுக்கும் விசா புதுப்பிக்கிற நேரம்."

சரி என்றேன். போனை வைத்ததும் மனம் லேசாயிற்று. அதையும் எழுதிவைத்திருக்கிறேன்: வியாழன், மாலை ஆறு ஐம்பது, நிம்மதி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த இளைஞர் கதவைத் தட்டினார். காவலாளி சொல்லி விஷயம் தெரிந்து வந்திருந்தார். டிரம் பக்கத்தில் வைத்தால் என்ன அர்த்தம் என்று தனக்கு யாருமே சொல்லவில்லை என்றார். நாற்காலி வந்துவிட்டது, புகாரை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாராம். "புகார் உங்களுடையது, வழக்கு உங்களுடையது இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

திங்கட்கிழமை காலை எட்டு ஐந்துக்கு செல்வராஜுக்கு ஒரு குறுஞ்செய்தி. இங்கே சிறு குற்றங்களுக்கு விசாரணை இல்லாமல் தாளிலேயே தீர்ப்பு வரும். குற்றம்: திருட்டு. தண்டனை: ஓர் அபராதம், பெரிய தொகை அல்ல. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவிக்கலாம். கட்டிவிட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகும்.

"சின்னக் கேஸுதான், கட்டிட்டா கலாஸ், முடிஞ்சுச்சுன்னு சூப்பர்வைசர் சொல்றான் சார்" என்றார் செல்வராஜ். "கலாஸ்தான். பஸ்ஸும் கலாஸ்."

5

என் மகள் யாழினி இங்கே பிறந்தவள். இங்கிலாந்தில் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நேரப்படி பகல் பன்னிரண்டுக்கு அழைப்பாள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். அவள் அம்மாவுக்காக நடுவில் கொஞ்சம் தமிழ் வரும், விருந்தாளிக்குத் தனித்தட்டு வைப்பதுபோல.

இந்தப் பருவத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த கட்டுரைத் தலைப்பைக் கேட்டதும் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்: சிறிய குற்றச்சாட்டுகளை எப்போது ஜூரி விசாரிக்க வேண்டும்? எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொன்னாள். அங்கே பல சில்லறைக் குற்றங்களை மாஜிஸ்திரேட்டே முடித்துவிடுவார். ஆனால் திருட்டு என்று வந்துவிட்டால், கடையில் ஒரு சாக்லேட்டை எடுத்ததாக இருந்தாலும், எனக்கு ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாமாம். போவது சாக்லேட்டின் விலை இல்லை, ஒரு மனிதனின் நேர்மை என்ற காரணத்தால். இப்போது அந்த உரிமையையும் குறைக்க வேண்டும் என்று அங்கே பேச்சு நடக்கிறதாம்.

நான் செல்வராஜின் கதையை மணி வாரியாகச் சொன்னேன். "இதை எழுதும்மா. இதைவிட நல்ல உதாரணம் உனக்குக் கெடைக்காது."

"அப்பா, ஐ ஃபீல் ஸாரி ஃபார் ஹிம். பட் நான் ஆப்போசிட் சைட் எழுதறேன்."

"ஏன்?"

"கோர்ட்ல கேஸ் எல்லாம் வருஷக்கணக்கா வெயிட்டிங். ரேப் கேஸ்ல இருக்கிற பொண்ணு மூணு வருஷம் காத்திருக்கா. ஒரு சேருக்காகப் பன்னெண்டு பேர் ஒரு வாரம் வேலைய விட்டுட்டு வந்து உக்காரணுமா? அதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?"

பதில் எனக்கு அன்று சாயங்காலம் வந்தது. கொலை என்றால் என்னவென்று நீதிபதிக்குத் தெரியும். அதற்குப் பன்னிரண்டு பேர் தேவையில்லை என்றுகூட வாதாடலாம். டிரம் பக்கத்தில் வைத்த நாற்காலி என்றால் என்னவென்று, டிரம் பக்கத்திலிருந்து எதையாவது தூக்கிவந்தவனுக்குத்தான் தெரியும். குற்றம் சிறுக்கச் சிறுக்க அதில் ஊர்ப் பழக்கத்தின் பங்கு கூடுகிறது. ஜூரி தேவைப்படுவது அங்கேதான். இதை அவளுக்கு எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

6

என் அப்பா திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தாலுகா நகரத்தின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எழுத்தர். பள்ளி விட்டதும் நான் கோர்ட் வராந்தாவில் அவருக்காகக் காத்திருப்பேன். சில்லறை வழக்கு நாளில் சைக்கிளில் விளக்கில்லாமல் போனவர்கள், சீட்டாடியவர்கள், நடைபாதையில் கடை போட்டவர்கள் வரிசையாக நிற்பார்கள். "குற்றத்தை ஒத்துக்கிறியா?" "ஒத்துக்கிறேங்க." அடுத்த ஆள். நாற்பது பேர் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுவார்கள்.

ஒருநாள் வேர்க்கடலை விற்பவர் ஒருவர் "இல்லீங்க" என்றார். மொத்த கோர்ட்டும் திரும்பிப் பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சலித்துக்கொண்டார்: "ஒருத்தன் இல்லைன்னு சொல்லிட்டான். ஒன்றரை மணி நேரம் போச்சு." அப்பா கெட்டவர் இல்லை. அவருக்குப் பசி. அந்த மனிதர் செய்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பசி.

உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து தீர்த்தால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் பெஞ்ச் கோர்ட் என்று இருந்ததைப் படித்திருக்கிறேன். சம்பளம் வாங்காத உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் சிலர் உட்கார்ந்து சில்லறைக் குற்றங்களை விசாரிப்பார்கள். ஊர்ப் பழக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். யார் தங்களைக் கண்டு துண்டை இடுப்பில் கட்டவில்லை என்பதும் தெரியும்.

7

என்றாலும் ஒரு முயற்சி செய்தேன். ஆட்சேபத்தோடு ஒரு கடிதம் வைக்கலாம் என்று தோன்றியது. "இந்தக் கட்டடத்தில் குப்பை டிரம்முக்குப் பக்கத்தில் வைக்கப்படும் பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்." இவ்வளவுதான். கீழே பதின்மூன்று கோடுகள் போட்டு எண் கொடுத்தேன். முதல் கோடு எனக்கு. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் பன்னிரண்டு வீட்டு மணியை அடித்தேன்.

பன்னிரண்டு வீட்டிலும் ஒரே பதில். யாரும் செல்வராஜைத் திருடன் என்று சொல்லவில்லை. ஒருவர் மீன் தொட்டியைக் காட்டினார். பிலிப்பினோ செவிலியர் ஒருவர் குழந்தை தூங்கும் தொட்டிலைக் காட்டி உதட்டில் விரல் வைத்தார். லாகூர்க்கார டாக்ஸி ஓட்டுநர் தன் சோபாவில் என்னை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, "பாய், நீங்க உக்காந்திருக்கிறதே அங்கேருந்து வந்ததுதான்" என்றார் இந்தியில். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார்.

"அப்ப கையெழுத்து?"

"மாஃபி, கெடையாது. வாயால எவ்வளவு வேணும்னாலும் சொல்றேன் பாய். பேப்பர்ல வேண்டாம். நானும் எடுத்தேன்னு நானே எழுதிக் கொடுக்கிற மாதிரி ஆயிடாதா?"

ஒன்பதாம் வீட்டில் மதுரைக்காரர், ஒரு வங்கியில் வேலை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு விரலால் முதல் கோட்டைத் தொட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது உங்க இடம்தானே? காலியா இருக்கு?"

"கடைசியில போடலாம்னு..."

"நானும் அப்படித்தான் சார். கடைசியில போடறேன்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். வசந்தி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாழினிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போனாள்.

8

ஆட்சேபத்தை அரபியில் தட்டச்சு செய்யும் டைப்பிங் சென்டர் எங்கள் தெருமுனையில் இருக்கிறது. நடத்துகிறவர் திரூர்க்கார மலையாளி. சனிக்கிழமை விவரம் கேட்கப் போனேன். நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாரே, காரணம் எழுதான் மூணு வரிதான் இருக்கு. 'உடமையாளர் உண்டெந்நு தெரியாது' அப்படின்னு போடலாம். ஊர் வழக்கம், அலமாரி, இதெல்லாம் எங்கே போடும்?"

"இதுதானே காரணம்?"

"காரணம் எனக்கு நல்லா அறியும். என்றெ கடையில இருக்கிற ரெண்டு ஸ்டூலும் டிரம் பக்கத்துல இருந்ததுதான். ஃபார்முக்கு அறியில்லல்லோ."

மூன்று வரிக்குச் சுருக்கினோம். திங்கட்கிழமை கடைசி நாள். காலை பத்து மணிக்கு செல்வராஜ் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கே நான் போய்விட்டேன். அந்த ஸ்டூல்களில் ஒன்றில் உட்கார்ந்தேன். பத்து ஆயிற்று. பத்து பத்துக்குக் கடிதத்தை எடுத்து முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஏன் அப்போது போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சாட்சியாக என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். திரூர்க்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டினார்.

பத்து இருபத்தைந்துக்கு போன் வந்தது. பின்னால் கம்ப்ரசர் ஓடும் சத்தம். செல்வராஜ் டூட்டியில் இருந்தார்.

"சார், மன்னிச்சுக்குங்க. காலைல ஏழு மணிக்கே கட்டிட்டேன்."

"ஏன் செல்வராஜ்? நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். நானும் சாட்சி சொல்றேன்."

கம்ப்ரசர் சத்தம் குறைந்தது, தள்ளி வந்துவிட்டார்.

"சார், கேஸு முடியாம இருந்தா ஊருக்கு விடமாட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அடுத்த வாரம் டிக்கெட்டு. இருவத்தாறு மாசம் ஆச்சு. இல்லைன்னு சொன்னா லீவு போயிடும், ஒத்துக்கிட்டா பஸ்ஸு போயிடும். பஸ்ஸு இன்னும் வரல சார். லீவு வந்திருச்சு."

"திருட்டுன்னு எழுதியிருக்கே செல்வராஜ்."

"அரபியிலதான சார் எழுதியிருக்கு. எங்க வீட்டுல யாருக்கு படிக்கத் தெரியும்." சிரித்தார். பிறகு, "ஏசியில தண்ணி சொட்டுதுன்னீங்களே, நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

நின்றுவிட்டது என்றேன்.

திரூர்க்காரர் அச்சடித்த தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வாங்கி வந்து அந்த வாரத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து மூன்று மணி பத்து நிமிடம் தாமதம்.

9

செல்வராஜ் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, அதே கம்பெனியில் அதே ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். கனரக உரிமம் சட்டைப் பையில் இருக்கிறது. பேருந்துக் கம்பெனியை அவர் போய்ப் பார்க்கவே இல்லை. யாழினியின் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் என்று வசந்தி சொன்னாள். ஒரு பத்தியில் "வளைகுடா நாடொன்றில் ஒரு தொழிலாளி" என்று வருகிறதாம். படிக்க அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அந்த இளைஞர் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டார். போவதற்கு முன் நாற்காலியைக் கீழே கொண்டுபோய் டிரம்முக்குப் பக்கத்தில், இந்த முறை நன்றாகத் தள்ளி, கேமரா பார்க்கும்படி வைத்தார். முதுகில் ஒரு தாளை ஒட்டினார். ஆங்கிலத்திலும், யாரிடமோ எழுதி வாங்கிய அரபியிலும்: இது எனக்கு வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கீழே தன் பெயரையும் கையெழுத்தையும் போட்டிருந்தார். வைத்தது ஞாயிறு, காலை ஒன்பது.

என் பால்கனியிலிருந்து டிரம் தெரியும். ஞாயிறு மாலை நாற்காலி இருந்தது. திங்கள் இருந்தது. செவ்வாய் மாலை லாகூர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, தாளைப் படித்து, நாற்காலியை ஒருமுறை சுற்றிவிட்டு மேலே வந்துவிட்டார். புதன்கிழமை யாரோ அதன் மேல் வயர் வெட்டிய ஓர் இஸ்திரிப் பெட்டியை வைத்திருந்தார்கள். வியாழன் செல்வராஜ் மூன்றாம் மாடியில் வேலை முடித்துக் கருவிப் பையோடு அதைக் கடந்து போனார். தலையைத் திருப்பவில்லை. தினமும் நான் இரண்டு முறை கடந்தேன். போகும்போது ஆறு நாற்பது, வரும்போது நான்கு இருபது.

வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வந்தது. பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி, இஸ்திரிப் பெட்டியை வீசிவிட்டு, நாற்காலியைத் தூக்கப் போனவர் நின்றார். தாளில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். கையால் இருக்கையை அழுத்திப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கேமரா இருக்கும் மூலையைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் தூக்கி வண்டியின் அரவை வாய்க்குள் போட்டார்.

காலை ஆறு பதினைந்து.